கேளுங்கள், சொல்கிறோம்: நூலகத்தில் வீடியோ கேம் இரவல்

புத்தகம் இரவல் தரும் நூலகமே சின்னக் குழுக்கள் செய்த நல்ல வீடியோ கேம்களையும் இரவல் தரலாம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தோம். கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்துதான் அதிகக் கேள்விகள் வந்தன. அதனால் இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். 'இண்டி கேம்' என்று இங்கே சொல்வது, பெரிய கம்பெனியின் முதலீடு இல்லாமல் ஒருவரோ ஒரு சிறு குழுவோ சொந்த யோசனையில் செய்து வெளியிடும் விளையாட்டை.

அரசு கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். வாசகர் ஒருவர் ஐந்து கேம்களை நன்கொடையாகத் தர முன்வருகிறார். "சாஃப்ட்வேரை இரவல் விட்டால் காப்பிரைட் கேஸ் ஆகிவிடும்" என்று உடன் வேலை செய்பவர் பயமுறுத்துகிறார். வாங்கலாமா, கூடாதா?
*– நூலகப் பணியாளர், வில்லியனூர்*

தாராளமாக வாங்கலாம். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, கணினி நிரலையும் திரைப்படத்தையும் வணிக வாடகைக்கு விடும் உரிமையை உரிமையாளருக்கே ஒதுக்குகிறது. உங்கள் நண்பர் பயப்படுவது அதை வைத்துத்தான். ஆனால் 2012இல் வந்த திருத்தம் 2(எஃப்ஏ) என்ற உட்பிரிவைச் சேர்த்தது. முறைப்படி பெற்ற கணினி நிரல், ஒலிப்பதிவு, காட்சிப்பதிவு, திரைப்படம் ஆகியவற்றின் பிரதியை லாப நோக்கமற்ற நூலகமோ கல்வி நிறுவனமோ லாபம் கருதாமல் இரவல் கொடுத்தால் அது வணிக வாடகை ஆகாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. எது லாப நோக்கமற்ற நூலகம் என்பதற்கும் அங்கேயே விளக்கம் உண்டு: அரசு மானியம் பெறுவது, அல்லது வருமான வரிச் சட்டப்படி வரிவிலக்குப் பெற்றது. அரசின் கிளை நூலகம் இதற்குள் வந்துவிடும். பத்தாண்டுக்கு மேலாகச் சட்டப் புத்தகத்தில் இருக்கிற இந்த வரியை நம் நூலகங்கள் எடுத்துப் பயன்படுத்தவே இல்லை என்பது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம்.

அந்த வரியில் உங்கள் கண் நிற்க வேண்டிய இடம் 'முறைப்படி பெற்ற பிரதி'. நன்கொடையாக வருவது அசல் அட்டையா (கன்சோல் என்ற விளையாட்டுக் கருவியில் செருகும் சிறு கார்டு), அசல் டிஸ்க்கா என்று பாருங்கள். வெற்று டிஸ்க்கில் எழுதிய காப்பி, மார்க்கர் பேனாவில் பெயர் கிறுக்கியது, பென்டிரைவில் "எல்லாம் போட்டுத் தருகிறேன்" என்பது எதுவும் வேண்டாம். கொடுப்பவரிடம் "இவை நான் விலைக்கு வாங்கியவை, நூலகத்துக்குக் கொடுத்துவிட்டேன்" என்று ஒரு வரியில் எழுதி வாங்கி, புத்தகத்தைப் போலவே சேர்க்கைப் பதிவேட்டில் எண் போட்டு ஏற்றுங்கள்.

காப்பு நகல் பற்றியும் பலர் குழம்புகிறார்கள். தொலைந்தாலோ கெட்டாலோ பாதுகாப்புக்கு என்று நகல் எடுத்து வைப்பதை 52(1)(ஏஏ) அனுமதிக்கிறது. அந்த நகலை இரண்டாவது பிரதியாக்கி இன்னொருவருக்கு இரவல் விட முடியாது. நகல் எடுக்க, நகலைத் தடுக்கும் மென்பொருள் பூட்டை உடைக்க வேண்டிய விளையாட்டு என்றால் ஒதுங்கிவிடுங்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதற்கு 65ஏ பிரிவில் இரண்டாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

திருப்பாதிரிப்புலியூரில் வாடகை நூலகம் நடத்துகிறேன். நாவலுக்கு வாங்குவது போல ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கேமுக்கும் வாங்கலாமா?
*– கடலூர் வாசகர்*

மேலே சொன்ன விலக்கு உங்களுக்குக் கிடையாது. நீங்கள் செய்ய நினைப்பதைத்தான் சட்டம் வணிக வாடகை என்கிறது. விளையாட்டைச் செய்தவரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் தொடங்காதீர்கள்.

ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் என் கணக்கில் அறுபது கேம் இருக்கிறது. மேற்படிப்புக்கு வெளியூர் போகிறேன். அந்தக் கணக்கையே எங்கள் ஊர் நூலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனால் என்ன? கடையில் பெட்டியாக விற்பது எல்லாமே இரவலுக்கு ஆகுமா?
*– கல்லூரி மாணவர், சிதம்பரம்*

தம்பி, உங்கள் மனசு பெரிது. ஆனாலும் அது முடியாது. ஸ்டீமில் நீங்கள் வாங்கியது உங்கள் கணக்கோடு ஒட்டிய உரிமம் மட்டுமே. கணக்கை விற்கவோ பிறருக்கு மாற்றவோ அதன் ஒப்பந்தம் இடம் தரவில்லை. குடும்பப் பகிர்வு வசதி ஒரே வீட்டில் இருக்கும் ஆறு பேர் வரைக்கும்தான், ஊருக்கு அல்ல. ஜிஓஜி தளத்தில் வாங்கினால் பூட்டு இல்லாத நிறுவுகோப்பு கையில் கிடைக்கும். அதிலும் உரிமம் வாங்கியவரின் சொந்த உபயோகத்துக்குத்தான்.

பெட்டியில் வருவதிலும் நாலு வகை உண்டு. வாங்குமுன் பெட்டியின் முன்பக்கக் கீழ் ஓரத்தையும் பின்பக்கச் சிறு எழுத்தையும் படிக்க வேண்டும்.

விளையாட்டு முழுதும் அட்டைக்குள் இருக்கும் நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலின் அட்டைதான் இரவலுக்கு முதல் தரம். எந்தக் கணக்கோடும் ஒட்டாது, எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும், செருகினால் ஆடலாம். அடுத்தது பிளேஸ்டேஷன் 4 டிஸ்க். வட்டுத் தட்டு உள்ள பிளேஸ்டேஷன் 5இலும் அது ஓடும் என்பதால் ஒரே டிஸ்க் இரண்டு தலைமுறைக்கு உதவும். பிளேஸ்டேஷன் 5 டிஸ்க் பழையதில் ஓடாது. மூன்றாவது, ஸ்விட்ச் 2க்கு வரும் 'கேம் கீ கார்டு'. பெட்டியின் கீழே சாவிப் படத்தோடு ஒரு பட்டை இருக்கும். அட்டைக்குள் விளையாட்டு கிடையாது, திறவுகோல் மட்டும். வீட்டில் இணையம் வைத்து முழுதும் இறக்கிக்கொள்ள வேண்டும், ஆடும்போதெல்லாம் அட்டை செருகியிருக்க வேண்டும். கணக்கோடு ஒட்டாததால் இரவல் கொடுக்க முடியும். மொபைல் டேட்டாவை நம்பியிருக்கும் வீட்டுக்கு இது உதவாது. விளையாட்டை இறக்கித் தரும் சர்வர் மூடும் நாளில் அட்டையும் செத்துவிடும். நாலாவது வகையில் பெட்டியைத் திறந்தால் ஒரு தாளில் டவுன்லோடு எண் மட்டும் இருக்கும். முதல் ஆள் அதைத் தட்டச்சு செய்ததும் முடிந்தது. நூலகம் இதை வாங்கவே கூடாது.

உறுப்பினர் படிவத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: வீட்டில் என்ன கன்சோல், அதில் டிஸ்க் போடும் வாய் இருக்கிறதா? எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ்ஸிலும் பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் பதிப்பிலும் அந்த வாய் கிடையாது. ஆசையாக எடுத்துப் போன பிள்ளை வீட்டில் போய் ஏமாந்து நிற்பதை இந்த ஒரு வரி தடுக்கும்.

எங்கள் வாசகர் வட்டத்தில் பத்து கேம் வாங்கும் அளவுக்குப் பணம் சேர்த்திருக்கிறோம். எதை வாங்குவது? சண்டை, துப்பாக்கி வேண்டாம் என்று பெற்றோர் சொல்கிறார்கள்.
*– வாசகர் வட்டம், லாஸ்பேட்டை*

பத்தையும் ஒரே மூச்சில் வாங்காதீர்கள். முதலில் ஆறு. மூன்று மாதம் போனதும் எது அலமாரியில் நிற்காமல் சுற்றுகிறது என்று பதிவேடே சொல்லும். மீதிப் பணத்தை அப்போது செலவழியுங்கள்.

முதலில் வாங்க வேண்டியது ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருடத்துக்கு மேல் உட்கார்ந்து நிரல், படம், இசை எல்லாவற்றையும் தானே செய்து 2016இல் வெளியிட்டது. தாத்தா விட்டுப்போன தரிசைத் திருத்திப் பயிர் வைப்பதுதான் ஆட்டம். எந்த விதை எந்தப் பருவத்துக்கு, எத்தனை நாளில் அறுவடை, விதைக்குப் போட்ட காசு திரும்புமா என்று பத்து வயதுப் பிள்ளை நோட்டில் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். விவசாயம் பார்க்கிற பாகூர், பண்ருட்டிப் பக்கத்து வீடுகளில் பெரியவர்களும் கூட உட்கார்ந்து யோசனை சொல்வார்கள்.

அடுத்து அன்டைட்டில்ட் கூஸ் கேம். ஆஸ்திரேலியாவின் ஹவுஸ் ஹவுஸ் குழு 2019இல் கொண்டுவந்தது. நீங்கள் ஒரு வாத்து. அமைதியான கிராமத்தில் தோட்டக்காரரின் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். உரையாடலே இல்லை என்பதால் மொழி அதிகம் தெரிய வேண்டியதில்லை. 2020இல் இருவர் சேர்ந்து ஆடும் வசதியும் வந்துவிட்டது. வீட்டில் நாலு பேர் சேர்ந்து கத்தி ஆட ஓவர்குக்டு 2. ஒருவர் காய் நறுக்க, ஒருவர் பாத்திரம் தேய்க்க, அடுப்பு பற்றிக்கொள்ளும். இதைக் கொடுக்கும்போது "உங்களிடம் எத்தனை கன்ட்ரோலர்?" என்று கேளுங்கள். ஸ்விட்ச் லைட் என்ற சிறிய கன்சோலில் கன்ட்ரோலரைக் கழற்ற முடியாது, தனியாக வேண்டும்.

செலஸ்ட் (2018) மலையேறும் பெண்ணின் கதை. கடினமான தாவல் விளையாட்டு. ஆனாலும் நூலகத்துக்கு நாங்கள் இதை வற்புறுத்துவதற்குக் காரணம் அதிலுள்ள உதவி முறை. ஆட்ட வேகத்தை 100இலிருந்து 50 சதவீதம் வரை பத்துப் பத்தாகக் குறைக்கலாம், களைப்பே வராமல் வைக்கலாம், அடிபடாமலும் வைக்கலாம். விரல் வேகம் குறைந்தவர், கை நடுங்குகிறவர், முதன்முதலாகக் கன்ட்ரோலர் பிடிக்கும் அறுபது வயதுக்காரர் எல்லாரும் அந்த மலை உச்சியைப் பார்த்துவிட முடியும். உதவி முறையை எங்கே திறப்பது என்று ஒரு சிறு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

ஹாலோ நைட் (2017) அடிலெய்டு நகரத்தின் டீம் செர்ரி செய்தது. பூச்சிகளின் பாழடைந்த ராஜ்யம், கையால் வரைந்த படங்கள். வாள்வீச்சு உண்டு, ரத்தக்களறி கிடையாது. கல்லூரிப் பிள்ளைகள் இதற்காகவே நூலகம் வருவார்கள். ஆறாவதாக அன்டர்டேல் (2015). எதிரியைக் கொல்லாமல் பேசியே கடைசி வரை போகலாம் என்ற அமைப்பு அதில் இருக்கிறது. வாசிக்க நிறைய உண்டு என்பதால் ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவருக்குக் கொடுங்கள்.

இந்த ஆறும் பெட்டியில் வந்தவை. சின்னக் குழுக்களின் பெட்டிகளைக் குறைந்த எண்ணிக்கையில்தான் அச்சிடுவார்கள். தீர்ந்தால் விலை ஏறிவிடும். இங்கே பெரும்பாலும் இறக்குமதிக் கடைகளில்தான் கிடைக்கும் என்பதால் மூன்று கடையில் விலை கேளுங்கள். ஒரே விளையாட்டு பிளேஸ்டேஷன் 4க்கும் வந்திருந்தால் அந்த டிஸ்க் சில நேரம் மலிவாகக் கிடைக்கும்.

பிரெஞ்சு படிக்கிறேன். அதற்கு உதவும் கேம் ஏதாவது உண்டா?
*– மாணவி, புதுச்சேரி*

இருக்கிறது. துலூஸ் நகரத்தின் ரன்டிஸ்க் குழு 2023இல் வெளியிட்ட சான்ட்ஸ் ஆஃப் செனார். ஒரு கோபுரத்தில் மாடிக்கு மாடி வேறு இனம், வேறு எழுத்து. யாரும் உங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல மாட்டார்கள். ஒருவர் கையசைத்துச் சொல்லும் குறி, கதவின் மேல் பொறித்த குறி என்று ஒப்பிட்டு நோட்டில் ஊகத்தை எழுத வேண்டும். ஒரு பக்கத்தின் குறிகள் எல்லாம் சரியாக அமைந்தால்தான் நோட்டு அதை உறுதி செய்யும். நோட்டின் மொழியைப் பிரெஞ்சுக்கு மாற்றி ஆடுங்கள். மற்றபடி பல ஸ்விட்ச் விளையாட்டுகள் கன்சோலின் மொழியையே எடுத்துக்கொள்ளும். அமைப்பில் பிரெஞ்சு வைத்தால் போதும். பிரான்ஸில் 1992ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு வீடியோ கேமும் தேசிய நூலகத்தில் கட்டாயம் சேர்த்து வைக்கும் பொருள்களில் ஒன்று. 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிற உங்கள் ஊரில் இந்தச் செய்தியை நூலகரிடம் சொல்லிப் பாருங்கள்.

எங்கள் பிள்ளைகள் வீட்டில் கன்சோலும் இல்லை, நல்ல கம்ப்யூட்டரும் இல்லை. நூலகத்தில் 4 ஜிபி ரேம் உள்ள பழைய கம்ப்யூட்டர் மூன்று இருக்கின்றன. இவர்களுக்கு இந்தத் திட்டத்தில் இடமே இல்லையா?
*– ஆசிரியை, நெய்வேலி*

இந்தப் பிள்ளைகளுக்குத்தான் முதல் இடம். கன்சோல் வாங்கிய வீடு விளையாட்டையும் எப்படியாவது வாங்கிக்கொள்ளும்.

கட்டற்ற மென்பொருளாக வெளிவந்த விளையாட்டுகளை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் நகலெடுத்துக் கொடுக்க உரிமமே அனுமதிக்கிறது. இரவல், திருப்புதல், அபராதம் எதுவும் வேண்டாம், பிள்ளையே வைத்துக்கொள்ளலாம். சின்னவர்களுக்கு கேடிஇ குழுவின் ஜிகாம்ப்ரி. மவுஸ் பிடிக்கப் பழகுவதிலிருந்து கூட்டல் கழித்தல், சதுரங்கம் வரை நூற்றுக்கு மேல் பயிற்சி விளையாட்டுகள். ஓட்டப்பந்தயத்துக்கு சூப்பர்டக்ஸ்கார்ட், ஒரே திரையைப் பிரித்துப் பலர் ஆடலாம். நிதானமாக யோசிப்பவர்களுக்கு 2003இல் தொடங்கிய பேட்டில் ஃபார் வெஸ்னாத். ஒரே கம்ப்யூட்டரில் முறை மாற்றி முறை இருவர் ஆட முடியும். கட்டை அடுக்கி ஊர் கட்ட லுவான்டி. 2024 வரை மைன்டெஸ்ட் என்று பெயர். உங்கள் கம்ப்யூட்டரில் முதல் மூன்றை அப்படியே போடலாம். சூப்பர்டக்ஸ்கார்ட் திணறினால் படத்தரத்தைக் கடைசிப் படிக்கும் திரை அளவை 1024க்கு 768க்கும் இறக்குங்கள், ஓடிவிடும்.

பென்டிரைவ் தயாரிக்கும் முறை இது. 16 ஜிபி போதும். எக்ஸ்ஃபேட் அமைப்பில் ஃபார்மட் செய்யுங்கள். பழைய ஃபேட்32 அமைப்பில் 4 ஜிபியை எட்டும் ஒற்றைக் கோப்பு ஏறாது. "கோப்பு மிகப் பெரியது" என்று வரும்போது, இடம் இருக்கிறதே என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். நிறுவுகோப்பை அந்தந்த விளையாட்டின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். கோப்பு மாறாமல் வந்ததா என்று சரிபார்க்கத் தளத்தில் கொடுத்திருக்கும் ஷா256 எண்ணை, விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளை தரும் எண்ணோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமம் உள்ளதை நகலாகக் கொடுக்கும்போது மூல நிரலும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. அதே தளத்தில் மூல நிரல் தொகுப்பு இருக்கும், அதையும் உரிமக் கோப்பையும் பென்டிரைவிலேயே ஒரு கோப்புறையில் போட்டுவிட்டால் கடமை தீர்ந்தது.

வெளியே போய்த் திரும்பிய பென்டிரைவை அடுத்தவருக்கு அப்படியே கொடுக்காதீர்கள். ஊர் ஜெராக்ஸ் கடையில் ஒருமுறை செருகினாலே வைரஸ் ஒட்டிக்கொண்டு வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்காமலே ஃபார்மட் செய்து, நூலகக் கம்ப்யூட்டரில் வைத்த மூலத்திலிருந்து புதிதாக ஏற்றுங்கள்.

இட்ச் தளத்தில் தனி ஆட்கள் விற்கும் சிறு விளையாட்டுகளுக்கு இன்னொரு வழி உண்டு. செய்தவருக்கே நேரடியாகக் கடிதம் எழுதுங்கள். என்ன நூலகம், எந்த ஊர், எத்தனை பிரதி விலைக்கு வாங்குகிறோம், ஒரு பிரதி ஒரு நேரத்தில் ஒருவருக்கே, எத்தனை நாள், இணையத்தில் ஏற்ற மாட்டோம் என்று ஆறு வரி போதும். பதில் வந்தால் அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. புதுச்சேரியிலும் விழுப்புரத்திலும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் குழுவாக இயங்குகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து மூன்று கம்ப்யூட்டரையும் தயார் செய்து தரும்படி கேட்டுப் பாருங்கள்.

கடற்கரைக்குப் பக்கத்தில் நூலகம். புத்தகத்தின் ஸ்டேப்ளர் பின்னே ஆறு மாதத்தில் துருப்பிடிக்கிறது. இந்தச் சின்ன அட்டைகள் தாங்குமா?
*– தேவனாம்பட்டினம் வாசகர், கடலூர்*

பார்த்துக்கொண்டால் தாங்கும். ஸ்விட்ச் அட்டை ஒரு தபால்தலை அளவுதான். பின்பக்கம் திருப்பிப் பிடித்தால் ஓரத்தில் வரிசையாகத் தங்க நிறத் தொடுமுனைகள் தெரியும். தங்கம் துருப்பிடிக்காது. ஆனால் அந்தப் பூச்சு மிக மெல்லியது. அதிலுள்ள நுண்துளை வழியாக உப்பும் ஈரமும் அடியிலிருக்கும் செம்பை எட்டினால் பச்சைப் புள்ளி பூக்கும். விரல் வியர்வையும் உப்புதான். அதனால் அட்டையை எப்போதும் பெயர் அச்சிட்ட பக்கமும் விளிம்பும் பட மட்டும் பிடிக்க வேண்டும்.

அட்டைகளை மேசைக்குள் வையுங்கள், வெளியே காலிப் பெட்டிகளை மட்டும் அடுக்குங்கள். ரப்பர் வளையம் உள்ள, இறுக மூடும் பத்து லிட்டர் பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கி, அதற்குள் துணிப்பையில் 100 கிராம் சிலிக்கா ஜெல் போடுங்கள். நீல மணியில் கோபால்ட் உப்பு இருக்கிறது, பிள்ளைகள் வரும் இடத்துக்கு ஆகாது. ஆரஞ்சு மணியைக் கேட்டு வாங்குங்கள். ஈரம் குடித்துக் கரும்பச்சையானதும் ஓவனில் 110 முதல் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். அதற்கு மேல் சூடேற்றினால் நிறம் காட்டும் சாயமே கருகிவிடும். மழைக்காலத்தில், ஐப்பசி கார்த்திகையில், வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். டப்பாவுக்குள் ஒரு சிறு ஈரப்பதமானி வைத்து 40க்கும் 50 சதவீதத்துக்கும் இடையில் நிறுத்தினால் போதும்.

அட்டை படிக்கவில்லை என்று வந்தால் யாரும் முதலில் செய்வது வாயால் ஊதுவது. கூடவே கூடாது, எச்சில் ஈரம்தான் உள்ளே போகும். மருந்துக் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் கை கழுவும் சானிடைசரும் எண்ணெய்ப் பிசுக்கை விட்டுப்போகும். மொபைல் சர்வீஸ் கடைக்காரர்கள் ஐபிஏ என்று சொல்லும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலை, 90 சதவீதத்துக்கு மேலானதாகப் பார்த்து வாங்குங்கள். பஞ்சுக்குச்சியில் ஒரே ஒரு சொட்டு. தொடுமுனைகளை உள்ளிருந்து விளிம்பு நோக்கி ஒரே திசையில் இரண்டு மூன்று முறை துடைத்து, காய்ந்த குச்சியால் ஒருமுறை துடைத்து, பத்து நிமிடம் ஆறவிட்டுச் செருகுங்கள். பச்சை போகவில்லை என்று ரப்பரால் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் தங்கப்பூச்சையே உரித்துவிடும், அடுத்த மாதம் அட்டை மொத்தமாகப் போய்விடும்.

ஏசி அறையிலிருந்து எடுத்துப் போகும் அட்டையையும் கன்சோலையும் வீட்டில் போனதும் பெட்டியைத் திறக்காமல் அரைமணி நேரம் விடச் சொல்லுங்கள். குளிர்ந்த பொருளில் வெளிக்காற்றின் ஈரம் பனித்துளியாக இறங்கும். டிஸ்க்கைத் துடைப்பதானால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில், வட்டமாகச் சுற்றக் கூடாது. டிவிடியின் கீறலைத் தேய்த்து எடுக்கும் மெஷினில் பிளேஸ்டேஷன் டிஸ்க்கைக் கொடுத்துவிடாதீர்கள். டிவிடியில் தகவல் அடுக்கு 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும். பிளேஸ்டேஷன் டிஸ்க் புளூரே வகை, அதில் வெறும் 0.1 மில்லிமீட்டர்தான்.

எத்தனை நாள் இரவல் கொடுப்பது? புத்தகத்துக்குப் போல 14 நாள் போதுமா?
*– நூலகர், மஞ்சக்குப்பம்*

எல்லாவற்றுக்கும் ஒரே கெடு வைத்தால் சரிவராது. ஸ்டார்டியூ வேலியையே எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு நாள் காலை 6 மணிக்குத் தொடங்கி நள்ளிரவு தாண்டி 2 மணிக்கு முடியும். நம் கடிகாரத்தில் அது சுமார் 14 நிமிடம். ஒரு பருவத்துக்கு 28 நாள், வருடத்துக்கு நாலு பருவம், ஆக 112 நாள். பெருக்கினால் 26 மணி நேரத்துக்கு மேல். பள்ளிக்கூடப் பிள்ளை தினம் ஒரு மணி நேரம் ஆடினால் 14 நாளில் இரண்டு பருவம்தான் பார்த்திருக்கும். விதைத்ததை அறுக்காமல் திருப்பிக் கொடுக்க யாருக்கு மனசு வரும்? இதற்கும் ஹாலோ நைட்டுக்கும் 28 நாள் கொடுங்கள். வாத்து விளையாட்டு சில மணி நேரத்தில் முடிந்துவிடும், அதற்கு 7 நாள் தாராளம். இவற்றுக்கு நடுவில் உள்ளவற்றுக்கு 14 நாள், வேறு யாரும் கேட்காவிட்டால் ஒருமுறை நீட்டிப்பு.

ஆடிய இடம் வரை சேமித்தது கன்சோலுக்குள்தான் இருக்கும், அட்டையில் இருக்காது. திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து அதே விளையாட்டை எடுத்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதை முதல் நாளே சொல்லிவிட்டால் கெடு தாண்டுவது பாதியாகக் குறையும்.

பேத்திக்கு நூலகத்திலிருந்து கேம் எடுத்துத் தர ஆசை. அட்டைப்படத்தைப் பார்த்து நல்லதா கெட்டதா என்று தெரியுமா?
*– பண்ருட்டி வாசகி*

தெரியாது அம்மா. டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப் என்று 2017இல் வந்த ஒன்று, பள்ளிச் சீருடைப் பெண்கள் சிரிக்கும் அட்டைப்படம். உள்ளே தற்கொலைக் காட்சி வருகிறது, குழந்தைகளுக்கு உரியதல்ல. பெட்டியின் மூலையில் பெகி என்ற ஐரோப்பிய வயது மதிப்பீட்டு எண் இருக்கும்: 3, 7, 12, 16, 18. அமெரிக்கப் பெட்டி என்றால் எழுத்து: 'இ' எல்லோருக்கும், 'டி' 13 வயதுக்கு மேல், 'எம்' 17க்கு மேல். அந்த எண்ணோடு நிறுத்தாமல் பின்பக்கக் குறிப்பையும் படியுங்கள். நாங்கள் மேலே புகழ்ந்த ஸ்டார்டியூ வேலியில்கூட ஊர் மதுக்கடை வரும். ஆட்டம் வெகுதூரம் போனபின் விளையாட்டுக் காசில் ஆடும் சூதாட்டக் கூடமும் திறக்கும். உண்மைப் பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் வீட்டில் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நூலகம் தன் பெட்டிக்குள் இதைத் தமிழில் இரண்டு வரி எழுதி ஒட்டினால் பெரிய உதவி.

இன்னொன்று. சின்னக் குழந்தை வீட்டில் இருந்தால் ஸ்விட்ச் அட்டையை வாயில் வைக்கும். விழுங்கக் கூடாதென்றே அதன்மேல் டெனடோனியம் பென்சோயேட் என்ற கடுங்கசப்பு பூசியிருக்கிறார்கள். விஷம் இல்லை, பயப்பட வேண்டாம். வாய் கொப்பளித்துவிட்டு, அட்டை தொண்டைக்குப் போகவில்லை என்று மட்டும் உறுதி செய்யுங்கள்.

ஆன்லைன் விளையாட்டுத் தடைச் சட்டம் இதையும் தடுக்குமா?
*– விருத்தாசலம் வாசகர்*

2025ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து ஆன்லைனில் ஆடுவதை. அட்டையிலும் டிஸ்க்கிலும் வீட்டில் ஆடும் இவற்றில் பந்தயமே கிடையாது.

தமிழ்க் குடும்பத்தைப் பற்றிய 'வெண்பா' விளையாட்டை நூலகக் கூடத்தில் பெரிய திரையில் எல்லோரும் சேர்ந்து ஆட வைக்க நினைக்கிறோம். செய்யலாமா?
*– இளைஞர் குழு, முத்தியால்பேட்டை*

நல்ல தேர்வு. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. மறு ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு தரும் அறிமுக விளையாட்டுக்கான விருது பெற்றது. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பு நைந்து எழுத்து அழிந்துபோன இடங்களை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்கினால் ஆவி மேல் தட்டு வரை ஏறும் என்பது முதல் புதிர். அயல்நாட்டு ஆட்டக்காரர் திணறும் அந்த இடத்தில் உங்கள் கூடத்திலிருக்கும் பாட்டிமார் கை தூக்கிவிடுவார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் ஒரே மாலையில் முழுதும் பார்க்கலாம்.

ஆனால் பொதுக்கூடத்தில் திரையிடுவது வேறு, இரவல் கொடுப்பது வேறு. முதல் கேள்விக்குச் சொன்ன 2(எஃப்ஏ) விலக்கு திரையிடலுக்குப் பொருந்தாது. நுழைவுக் கட்டணம் இல்லை, இத்தனை பேர், இந்த நாள் என்று குறிப்பிட்டுக் குழுவுக்கு எழுதி அனுமதி வாங்குங்கள். ஒரு மாதம் முன்பே எழுதிவிடுங்கள்.

திரும்பி வரும்போது என்ன பார்த்து வாங்குவது? தொலைத்துவிட்டால்?
*– அரியாங்குப்பம் வாசகர்*

பெட்டியைத் திறக்காமல் ரசீது போடாதீர்கள். பெட்டிக்குள் வேறு அட்டை இருப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பெரும்பாலும் பிள்ளை கன்சோலிலிருந்து எடுக்க மறந்திருக்கும், ஒரு போன் போட்டால் வந்துவிடும். டிஸ்க்கைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். இரவல் கொடுக்கும்போதே இருக்கிற கீறலைப் பெட்டிக்குள் தாளில் வரைந்து வைத்திருந்தால் சண்டை வராது. அட்டையின் மேலோ டிஸ்க்கின் மேலோ நூலக எண் ஒட்டாதீர்கள். ஸ்டிக்கர் உள்ளே சுருண்டு வாசகரின் கன்சோல் அடைபட்டால் பழுதுச் செலவு அட்டை விலையை மிஞ்சும். எண் பெட்டியில் மட்டும்.

தொலைந்தால் அதே விளையாட்டை வாங்கித் தரச் சொல்வதுதான் முறை. செகண்ட் ஹேண்டில் வாங்கினால் நூலகக் கன்சோலிலேயே செருகி, இணையத்தில் இணைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு அட்டைக்குள்ளும் தனி அடையாளச் சான்று உண்டு. விற்றவர் அதைத் திருட்டு நகல் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டும் ஒரே காலத்தில் இணையத்தில் தலைகாட்டினால் நிண்டெண்டோ தடை போடும். அது வாசகர் வீட்டுக் கன்சோலைத் தாக்கக் கூடாது. விற்றவரின் பெயரும் தேதியும் எழுதிய பில் இல்லாமல் எந்தப் பழைய அட்டையையும் பதிவேட்டில் ஏற்றாதீர்கள்.